தழும்பும் சுளுக்கும்: வீடு திரும்பிய இருவர்

20 ஆண்டுகள் அயல்நாட்டில் கழித்தபின் சொந்த மண்ணை நோக்கித் திரும்பும் மனிதர் இருவரைப் பண்டை இலக்கியம் நமக்குக் காட்டுகிறது. ஒருவன் ஹோமர் பாடிய ஒடிசி காப்பியத்தின் தலைவனாகிய ஒடிசியஸ். டிராய்ப் போரில் 10 ஆண்டுகளையும், கடலிலும் அயலார் தீவுகளிலும் 10 ஆண்டுகளையும் கழித்தவன். மற்றவன் ஆதியாகமத்தின் யாக்கோபு. லாபானின் வீட்டில் மனைவியருக்காக 14 ஆண்டுகளும் மந்தைக்காக 6 ஆண்டுகளும் உழைத்ததாகத் தானே கணக்குச் சொல்லுகிறவன் (ஆதி. 31:41). ஆண்டுக் கணக்கு இவ்வாறு ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும், வீட்டை நெருங்கும் வேளையில் இருவரும் தனித்து நிற்கின்றனர். இருவரையும் நோக்கி, நீ யார் என்னும் கேள்வி எழுகிறது. இருவர் உடலிலும் ஓர் அடையாளம் இருக்கிறது. ஒருவனுக்குத் தொடையருகே ஒரு தழும்பு. மற்றவனுக்குத் தொடைச்சந்தில் ஒரு சுளுக்கு.

இவ்விருவரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பது இலக்கியச் சுவைக்காக மட்டுமன்று. நம் திருச்சபைகளில் ஆதியாகமம் 32-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதி தனியாக வெட்டியெடுக்கப்பட்டு, விடாப்பிடியான ஜெபத்துக்கு எடுத்துக்காட்டாக வாசிக்கப்படுவதே பெருவழக்காயிருக்கிறது. இரவு முழுவதும் போராடி ஆசீர்வாதத்தைப் பெற்றுக்கொண்ட ஜெபவீரன் ஒருவனைச் சபையாருக்கு முன் நிறுத்துகிறோம். அவன் எங்கிருந்து வருகிறான், எங்கே போகிறான், எதிரே வருகிறவர் யார் என்னும் மூன்றையும் மறந்துவிடுகிறோம். இம்மறதி நம் அருளுரைகளோடு நின்றுவிடவில்லை. அயல்நாட்டிலிருந்து திரும்பிவரும் நம் மக்களை நாம் வரவேற்கும் முறையையும் அது பாதித்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒடிசியசின் அருகில் யாக்கோபை நிறுத்தினால், நாம் மறந்தது எது என்பது தெளிவாகும்.

1. அவுவர்பாக் தொட்டுச் சென்ற இடம்

இத்தகைய ஒப்பீட்டுக்கு நமக்கு முன்னோடியாயிருப்பவர் ஜெர்மானிய யூத அறிஞர் எரிக் அவுவர்பாக். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த அவர், நாசி ஆட்சியினரின் சட்டங்களால் 1935-இல் பதவியிழந்து, 1936-இல் துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகருக்குச் சென்றார். அங்கே 1942 முதல் 1945 வரை அவர் எழுதி, 1946-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வெளிவந்த நூலே மைமீசிஸ். அதன் முதல் அதிகாரம் ஒடிசியசின் தழும்பைப் பற்றியது. வீடு திரும்பிய ஒருவனைப் பற்றிய காட்சியோடு தம் நூலைத் தொடங்கியவர், அதை எழுதிய காலத்தில் தாம் வீடு திரும்ப வழியற்றவராயிருந்தார். போர் முடிந்த பின்னரும் அவர் ஜெர்மனியில் குடியேறவில்லை. 1947-இல் அமெரிக்காவுக்குச் சென்று 1957-இல் அங்கேயே காலமானார்.

அவருடைய வாதம் இறையியல் மாணவர் பலரும் அறிந்ததே. ஹோமர் எல்லாவற்றையும் சமமான வெளிச்சத்தில் வைக்கிறார். கிழத்தாதி யூரிக்ளேயா, பிச்சைக்காரன் வேடத்திலிருக்கும் ஒடிசியசின் கால்களைக் கழுவுகையில் தழும்பைத் தொட்டு அவனை அறிந்துகொள்கிறாள். அந்த நொடியில் கதையை நிறுத்தி, அத்தழும்பு உண்டான வரலாறு முழுவதையும் கவிஞர் நிதானமாக எடுத்துரைக்கிறார். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் செல்லும் கதையிலோ பெரும்பகுதி இருளில் விடப்படுகிறது. மூன்று நாள் பயணத்தில் தந்தையின் மனத்தில் ஓடியது என்னவென்று நூல் சொல்லுவதில்லை. சொல்லப்படாததே அக்கதைக்கு ஆழத்தைத் தருகிறது என்பார் அவுவர்பாக்.

அதே அதிகாரத்தில் அவர் யாக்கோபையும் ஓரிரு வாக்கியங்களில் தொட்டுச் செல்கிறார். புறப்பட்ட நாளில் இருந்த அதே ஒடிசியஸ்தான் 20 ஆண்டுகளுக்குப்பின் திரும்பி வருகிறான்; தந்தையை ஏமாற்றிய இளைஞனாகிய யாக்கோபுக்கும், அருமை மகனைக் காட்டுமிருகம் பீறிப்போட்டதென்று நம்பி அழும் முதியவனாகிய யாக்கோபுக்கும் இடையே மிக நீண்ட வழி இருக்கிறது என்பது அவர் கருத்து. இது கூர்மையான பார்வை. ஆனால் அவர் ஏமாற்றிய நாளிலிருந்து முதுமைக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார். இடைப்பட்ட ஆற்றங்கரை இரவை விரித்துரைக்கவில்லை. ஒடிசியசின் வருகைக்கு நேரிணையாக வைக்கத்தக்க காட்சி அவ்விரவே அன்றோ? அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர்வோம்.

2. பெயரை மறைத்து வந்தவன்

ஒடிசி காப்பியம் 24 பாகங்களையுடையது. அதன் சரிபாதியைக் கடந்தபின், 13-ஆம் பாகத்தில்தான் தலைவன் சொந்தத் தீவாகிய இத்தாக்காவில் கால்வைக்கிறான். கால்வைக்கிறான் என்பதும் பொருந்தாது. பேயாக்கிய நாட்டு மாலுமிகள் அவனை உறங்கிய நிலையிலேயே தூக்கிக் கரையில் கிடத்திவிட்டுப் போகின்றனர். 12 கப்பல்களோடு போருக்குச் சென்றவன், ஒரு துணைவனும் இன்றித் திரும்பியிருக்கிறான். விழித்தெழுந்தவனுக்குத் தன் ஊர் தெரியவில்லை. ஆத்தினா தேவதை சூழப் பரப்பிய மூடுபனியில் பாதைகளும் துறைமுகமும் பாறைகளும் அயலாய்த் தோன்றுகின்றன. நெடுங்காலம் அயல்நாட்டில் வாழ்ந்து திரும்பிய எவருக்கும் இவ்வனுபவம் புதிதன்று. மாறாதிருப்பதாக நினைவில் வைத்திருந்த ஊர், வந்து நிற்கும்போது வேற்றூராய்த் தெரிகிறது.

அந்நிலையில் ஒடிசியஸ் முதலில் என்ன செய்கிறான்? தனக்குக் கிடைத்த பரிசுப் பொருள்களை எண்ணிப் பார்க்கிறான். முக்காலிகள், கொப்பரைகள், பொன், நெய்த ஆடைகள் யாவும் குறைவின்றி இருக்கின்றன. அதன்பின்னரே ஊரை நினைத்து அழுகிறான். மனித இயல்பை ஹோமர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறார் என்பதற்கு இவ்விடம் ஒன்றே போதும்.

அடுத்து, இடையச் சிறுவனின் உருவில் ஆத்தினா அவன் முன் தோன்றுகிறாள். இது இத்தாக்காவே என்று அவள் சொல்லக் கேட்டு உள்ளத்தில் மகிழ்ந்தவன், வாயைத் திறந்து தன் பெயரைச் சொல்லுவதில்லை. தான் கிரேத்தா தீவினன் என்றும், ஒரு கொலை செய்துவிட்டு ஓடிவந்தவன் என்றும் கதை கட்டுகிறான். தேவதை சினங்கொள்ளவில்லை. புன்னகைத்து, அவன் சூழ்ச்சித் திறனைப் பாராட்டுகிறாள். அதன்பின் பன்றி மேய்க்கும் யூமையசிடமும், மனைவி பெனிலொப்பியிடமும், கடைசியில் முதிர்ந்த தந்தை லேயர்டீசிடமும் அவன் வேறு வேறு கதைகளைச் சொல்லுகிறான். வீட்டை ஆக்கிரமித்திருந்த 108 பேர் உயிரோடிருந்தவரை இம்மறைப்புக்கு ஒரு நியாயம் உண்டு. அவர்கள் மாண்டபின் தந்தையிடம் மறைக்க வேண்டிய தேவை என்ன? உரையாசிரியர்களை இவ்விடம் நெடுங்காலம் வருத்தியிருக்கிறது. மறைப்பது அவனுக்குக் கருவியாயிருந்து, நாளடைவில் இயல்பாகவே ஆகிவிட்டது என்று கொள்ளலாம்.

அவனை மற்றவர் அறிந்துகொள்வதற்கான சான்றுகள் அனைத்தும் புறப்படுவதற்கு முன்னுள்ள காலத்தைச் சேர்ந்தவை என்பதையும் நோக்கவேண்டும். தழும்பு இளமையில் பர்னாசஸ் மலையில் காட்டுப்பன்றி தாக்கியதால் உண்டானது. மனைவி தெளிவடையக் காரணமாயிருக்கும் கட்டில், அவன் ஒலிவ மரத்தை வேரோடு விட்டுச் செதுக்கியமைத்தது. தந்தைக்கு அவன் எண்ணிக் காட்டும் 13 பேரி மரங்களும், 10 ஆப்பிள் மரங்களும், 40 அத்தி மரங்களும், 50 திராட்சை வரிசைகளும் அவன் சிறுவனாயிருந்தபோது கொடுக்கப்பட்டவை. இடைப்பட்ட 20 ஆண்டுகள் அவனில் விட்ட அடையாளம் எதையும் வீடு கேட்கவில்லை, அவனும் காட்டவில்லை. அவன் மாறவில்லை என்பதற்கே தழும்பு சான்று.

ஆனால் கணக்குக் கேட்கும் குரல் ஒன்று காப்பியத்தின் இறுதியில் எழத்தான் செய்கிறது. கொலையுண்டவர்களில் ஒருவனின் தந்தையாகிய யூபெய்தெஸ், ஊர் மன்றத்தில் எழுந்து அழுதவாறு குற்றஞ்சாட்டுகிறான். கப்பல்களோடு நல்ல வீரர் பலரைக் கொண்டுபோனான். கப்பல்களையும் இழந்தான், வீரரையும் இழந்தான். திரும்பி வந்து மீதியிருந்த சிறந்தவர்களையும் கொன்றுவிட்டான் என்பதே அக்குற்றச்சாட்டின் சாரம். தனியே திரும்பி வந்தாயே, எங்கள் பிள்ளைகள் எங்கே என்னும் கேள்வி அது. அக்கேள்விக்குக் கிடைத்த மறுமொழி லேயர்டீசின் கையிலிருந்து பறந்த ஈட்டி. அதன்பின் சண்டை மூளவே, தேவர்கள் தலையிட்டு, நடந்ததை மறந்துவிடும்படி ஊராருக்குக் கட்டளையிட்டு அமைதி உண்டாக்குகின்றனர். மேலிருந்து விதிக்கப்பட்ட மறதியே அக்காப்பியம் கண்ட தீர்வு.

3. பெயரைச் சொன்னவன்

யாக்கோபின் நிலை வெளிப்பார்வைக்கு நேர்மாறானது. ஒரு கோலோடு யோர்தானைக் கடந்து போனவன், இரண்டு பரிவாரங்களுடையவனாய்த் திரும்புகிறான் (32:10). மனைவியர், பிள்ளைகள், பணியாளர், மந்தைகள் யாவும் உண்டு. ஆயினும் எல்லாரையும் எல்லாவற்றையும் ஆற்றைக் கடக்கச் செய்தபின் அவன் தனித்து விடப்படுகிறான் (32:23, 24). எபிரேயத்தில் இங்குள்ள 'லெவத்தோ' என்னும் சொல், மனிதன் தனிமையாயிருப்பது நல்லதன்று என்று தேவன் கூறும் இடத்திலும் (2:18) வருவது. மனிதர் இல்லாமையால் ஒடிசியஸ் தனியன். மனிதர் சூழ இருந்தும், அவர்களுள் எவரும் உடன்வர இயலாத ஓரிடத்துக்கு வந்துவிட்டமையால் யாக்கோபு தனியன்.

அவன் ஏன் பின்தங்கினான் என்று நூல் கூறவில்லை. அவன் ஆற்றின் எந்தக் கரையில் இருந்தான் என்பதுகூட 22, 23-ஆம் வசனங்களைக் கொண்டு உறுதியாக்க இயலாதது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1971-இல் இப்பகுதியை ஆராய்ந்தபோது இவ்வீரடியான நிலைக்கு மிகுந்த கவனம் செலுத்தினார். அதற்கும் முன்னே, ஹெர்மன் குங்கெல் 1901-இல் வெளியிட்ட ஆதியாகம விளக்கவுரையில், விடியுமுன் மறைந்தாக வேண்டிய ஓர் ஆற்றுத் தெய்வத்தைப் பற்றிய பழங்கதை இதன் அடியில் இருக்கிறதென்று கருதினார். யாக்கோப், யப்போக், போராடினான் என்னும் பொருள்படும் 'யெஆவேக்' ஆகிய மூன்றும் ஒலியால் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பார்த்தால் பழைமையான வாய்மொழி மரபொன்று இதில் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கதையின் மூலம் எதுவென்பது ஒரு வினா. அது இப்போதிருக்கும் இடத்தில் என்ன செய்கிறது என்பது வேறொரு வினா. இரண்டாவது வினாவே பிரசங்கியாருக்கு இன்றியமையாதது.

அது இருக்கும் இடம் எது? ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்னும் செய்திக்கும் (32:6) அவனைச் சந்திக்கும் காலைக்கும் (33:1) இடைப்பட்ட இரவு. யாக்கோபும் ஒடிசியசைப் போலவே தன் உடைமைகளை எண்ணிப் பார்க்கிறான். ஆனால் எண்ணுவது கொடுத்துவிடுவதற்காக. 200 வெள்ளாடுகள், 20 கடாக்கள், 200 செம்மறியாடுகள், 20 ஆட்டுக்கடாக்கள், குட்டிகளோடு 30 பால் ஒட்டகங்கள், 40 கடாரிகள், 10 காளைகள், 20 கோளிகைக் கழுதைகள், 10 கழுதைக்குட்டிகள் என, ஒட்டகக் குட்டிகள் நீங்கலாக 550 உயிர்கள். அவை அலை அலையாய் முன்னே அனுப்பப்படுகின்றன. யாக்கோபு பின்னே வருவதாகச் சொல்லும்படி வேலைக்காரருக்குக் கற்பிக்கப்படுகிறது (32:18, 20). காணிக்கை முன்னே, குடும்பம் அடுத்து, குற்றவாளி கடைசியில். இவ்வரிசையில் ஓர் அச்சம் தெரிகிறது, சூழ்ச்சியும் தெரிகிறது.

இந்த மனிதனிடந்தான் இரவில் பெயர் கேட்கப்படுகிறது. கேட்டவருக்கு அது தெரியாமலிருந்திருக்கும் என்று எண்ண இடமில்லை. இதே கேள்வியை 20 ஆண்டுகளுக்கு முன் கண் மங்கிய தந்தை கேட்டிருந்தார் (27:18). அப்பொழுது அவன் அண்ணனின் பெயரைச் சொல்லி ஆசீர்வாதத்தைப் பெற்றான். இப்பொழுது மீண்டும் ஆசீர்வாதம் கேட்கிறான். மீண்டும் அதே கேள்வி வருகிறது. இம்முறை சொந்தப் பெயரைச் சொல்லுகிறான். அப்பெயருக்குத் தன்னை இருமுறை மோசம்போக்கியவன் என்னும் பொருளை ஏசா ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான் (27:36). ஆகவே பெயரைச் சொல்லுவதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிறது. தன்னை மறைத்த ஒடிசியசைத் தேவதை பாராட்டினாள். தன்னைச் சொன்ன யாக்கோபுக்குப் புதுப் பெயர் அருளப்படுகிறது. இரு காப்பியங்களும் இவ்விடத்தில் முற்றிலும் பிரிந்துவிடுகின்றன.

பிரிவின் சான்றே அந்தச் சுளுக்கு. ஒடிசியசின் தழும்பு புறப்படுமுன் உண்டானது. யாக்கோபின் சுளுக்கு திரும்பும் வழியில் உண்டானது. முன்னது, இவன் பழையவனே என்று வீட்டாருக்கு உறுதி கூறுகிறது. பின்னது, புறப்பட்டுப் போனவன் அவ்வாறே திரும்பவில்லை என்று அவன் நடையிலேயே அறிவிக்கிறது. ஓடத் தெரிந்தவனாய்ப் போனவன், இனி ஓட இயலாதவனாய் வருகிறான். ஓசியா தீர்க்கதரிசி இந்நிகழ்ச்சியை நினைவுகூரும்போது யாக்கோபு அழுததையும் கெஞ்சியதையும் சொல்லுகிறார் (12:4). அதைச் சொல்லும் இடமோ, இஸ்ரவேல் மக்கள் மேலுள்ள வழக்கை எடுத்துரைக்கும் அதிகாரம். வெற்றிக்கதையாக இதை வாசிக்கும் நாம் ஓசியாவின் வாசிப்பை மறந்துவிடலாகாது.

4. ஏசாவின் முகம்

காலையில் முதலில் கவனிக்கத்தக்கது யாக்கோபு நிற்கும் இடம். முந்தின நாள் எல்லாருக்கும் பின்னே இருந்தவன், இப்பொழுது எல்லாருக்கும் முன்னே நடந்துபோகிறான் (33:3). இரவில் நேர்ந்தது என்னவென்பதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை இல்லை. சகோதரர் உன்னை வணங்குவார்கள் என்னும் பொருள்பட ஆசீர்வாதம் பெற்றவன் (27:29), சகோதரனை 7 முறை தரைமட்டும் குனிந்து வணங்குகிறான். ஆண்டவன் என்று அவனை அழைத்துத் தன்னை அடியான் என்கிறான். ஏசாவோ அவனைச் சகோதரன் என்றே அழைக்கிறான் (33:9).

எபிரேயத்தில் முகம் என்னும் பொருளுடைய 'பானீம்' என்ற சொல், ஏசாவைச் சாந்தப்படுத்த யாக்கோபு எண்ணமிடும் ஒரே வசனத்தில் (32:20) நான்கு முறை பயின்றுவருகிறது. பாவநிவர்த்தியைக் குறிக்கும் வினைச்சொல்லும் அங்கேயே வருகிறது. இரவில் தேவனை முகமுகமாய்க் கண்ட இடத்துக்குப் பெனியேல் என்று பெயரிட்டவன், காலையில் ஏசாவின் முகத்தைக் கண்டது தேவனின் முகத்தைக் கண்டதுபோல் இருக்கிறதென்கிறான் (33:10). ஆகவே பெனியேலின் பொருள் ஆற்றங்கரையில் முற்றுப்பெறவில்லை. வயல்வெளியில், தீங்கிழைக்கப்பட்டவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும்போதுதான் முற்றுப்பெறுகிறது. அன்றியும், அதுவரை வெறும் அன்பளிப்பாகச் சொல்லப்பட்டுவந்த மந்தைகளை யாக்கோபு 33:11-இல் 'பெராகா' என்று குறிக்கிறான். 27-ஆம் அதிகாரத்தில் அவன் வஞ்சகமாய் எடுத்துக்கொண்ட ஆசீர்வாதத்துக்கும் அதுவே பெயர். எடுத்ததைத் திருப்பித் தருகிறான் என்பதை அச்சொல் உணர்த்துகிறது.

இச்சந்திப்பை நாம் மிகைப்படுத்தவும் கூடாது. ஏசா முத்தமிட்டான் என்னும் சொல்லின் எழுத்துக்கள்மேல் எபிரேயப் பிரதிகளில் புள்ளிகள் இடப்பட்டுள்ளன. அம்முத்தம் உண்மையானதுதானா என்று யூத குருமார் வாதித்திருக்கின்றனர். யாக்கோபும் முழுவதும் மாறிவிடவில்லை. மெதுவாய்ப் பின்னே சேயீருக்கு வந்து சேருவதாகச் சொல்லிவிட்டு, சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொள்கிறான் (33:14-17). சுளுக்கிய கால் பழைய தந்திரத்தை அறவே மறந்துவிடவில்லை. ஆதியாகமத்தின் நேர்மை இதில் விளங்குகிறது. உறவு திரும்புகிறது, ஒரே கூரையின்கீழ் வாழும் அளவுக்கு அது திரும்பவில்லை. ஆயினும் தந்தை ஈசாக்கை அடக்கம்பண்ண இருவரும் சேர்ந்து நிற்கின்றனர் (35:29).

லூக்கா 15-ஆம் அதிகாரத்தில், தூரதேசத்திலிருந்து தனியே திரும்பிவரும் இளைய மகனை நோக்கித் தந்தை ஓடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முத்தமிடுகிறார். ஓடுதல், கழுத்தைக் கட்டுதல், முத்தமிடுதல் என்னும் மூன்றும் ஏசா செய்தவை (33:4). தேவனின் இரக்கத்தைச் சித்திரிக்க ஆண்டவர் இயேசு கையாண்ட செயல்கள், ஆசீர்வாதத்தை இழந்த அண்ணனின் செயல்களாயிருப்பது நம்மைச் சிந்திக்க வைக்கவேண்டும்.

5. காத்திருந்தோரும் மௌனமும்

இரு நூல்களிலும் தாய் மகனைக் காணாமலே மறைந்துபோகிறாள். ஒடிசியசின் தாய் அண்டிக்ளேயா, மகனுக்காக ஏங்கியே உயிர்விட்டதாக 11-ஆம் பாகத்தில் மரித்தோர் உலகில் அவனிடமே சொல்லுகிறாள். மூன்று முறை அவளைத் தழுவ முயன்று மூன்று முறையும் வெறுங்கையனாகிறான். ரெபெக்காளோ, சில நாள் மட்டும் போயிருக்கும்படியும், தானே ஆளனுப்பி அழைப்பிப்பதாகவும் சொல்லி மகனை அனுப்பியவள் (27:44, 45). சில நாள் 20 ஆண்டுகளாயின. அவள் ஆளனுப்பியதாக எங்கும் எழுதப்படவில்லை. அவளுடைய தாதி தெபொராளின் மரணம் சொல்லப்படுகிறது (35:8). அவள் மரணம் சொல்லப்படவில்லை. மக்பேலாக் குகையில் அவள் அடக்கம்பண்ணப்பட்டாள் என்பதை, யாக்கோபின் மரணப்படுக்கையில்தான் அறிகிறோம் (49:31).

இவ்விடத்தில் அவுவர்பாக்கோடு நாம் ஓரளவு மாறுபட வேண்டியிருக்கிறது. திருமறையின் மௌனங்கள் யாவும் ஆழத்தின் மௌனங்கள் என்று கொள்வதற்கில்லை. சில மௌனங்கள் பெண்களை மறந்ததால் உண்டானவை. ஏசாவை எதிர்கொள்ளும் வரிசையில் பணிப்பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் முன்னேயும், லேயாளும் அவள் பிள்ளைகளும் நடுவிலும், ராகேலும் யோசேப்பும் பின்னேயும் நிறுத்தப்படுகின்றனர் (33:2). முதலில் ஆபத்துக்குள்ளாக வேண்டியவர் யார் என்பதைத் தீர்மானித்த அவ்வரிசையை நூல் கண்டிக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. இத்தாக்காவில் தூக்கிலிடப்பட்ட 12 பணிப்பெண்களின் நிலையும் இதுவே. திரும்புகிறவனின் கதையில் வீட்டிலிருந்த பெண்கள் எளிதில் நிழலாகிவிடுகின்றனர்.

இவ்வகையில் நம் அகப்பாடல் மரபு வேறு வழியில் சென்றது. பொருள்தேடப் பிரிந்த தலைவன் பாகனோடு தேரேறி விரைந்து வருவது அங்கும் உண்டு. ஆயினும் முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தலே. கார்காலத்தின் வரவை நோக்கி வீட்டிலிருப்பவளின் மனம் அங்கே கவிதையாகிறது. ஆதியாகமத்தை வாசிக்கும் தமிழ்ப் பிரசங்கியாருக்கு இம்மரபு ஒரு செவியைத் தந்திருக்கிறது. ரெபெக்காளின் சொல்லப்படாத 20 ஆண்டுகளைக் கேட்க அச்செவியைப் பயன்படுத்தலாம்.

6. நம் மேடைக்கும் சபைக்கும்

மேற்கூறியவை நமக்கு எட்டாத பழங்காலச் செய்திகள் அல்ல. குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் சபைகளில் வளைகுடா நாடுகளிலோ கீழை நாடுகளிலோ ஆண்டுக்கணக்கில் உழைத்துத் திரும்பியவர் இல்லாத சபை அரிது. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது வேலையிழந்து திரும்பியவர் பலர். இலங்கையில் 2009-இல் போர் முடிந்தபின், புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊரைப் பார்க்க வந்து, தாய் தந்தையரின் கல்லறையையே கண்டவர்களும் உண்டு. இவர்கள் பெரும்பாலும் தனியே வருகின்றனர். குடும்பமே நிலையத்துக்கு வந்து எதிர்கொண்டாலும், சென்ற இடத்தில் பட்டதையும் இழந்ததையும் அறிந்தவர் ஒருவரும் அவர்களோடு வருவதில்லை.

சபை இவர்களை எவ்வாறு வரவேற்கிறது? ஸ்தோத்திர ஆராதனை நடத்துகிறோம். காணிக்கை பெறுகிறோம். சாட்சி கூறும்படி அழைக்கிறோம். ஒரு கோலோடு போனவர் இரு பரிவாரத்தோடு வந்ததைக் கேட்டு மகிழ்கிறோம். பரிவாரமின்றி வந்தவரை அழைப்பதே இல்லை. அவர் பின்வரிசையில் அமர்ந்து ஆராதனை முடியுமுன் எழுந்து போய்விடுகிறார். இவ்விரு நிலைகளிலும் நாம் கேட்பது ஒடிசியசின் கேள்வியே: பொருள்கள் குறைவின்றி வந்து சேர்ந்தனவா? யாப்போக்கில் கேட்கப்பட்ட கேள்வியை நாம் கேட்பதில்லை.

ஆதியாகமத்தின் ஒழுங்கை மாணவர் உற்று நோக்கவேண்டும். யாக்கோபின் மந்தைகள் முதலில் சென்றது ஏசாவினிடத்துக்கு. பலிபீடம் கட்டப்பட்டது அதற்குப் பின், சீகேமில் (33:20). பெத்தேலில் பண்ணிய பொருத்தனை அதற்கும் பின்னரே நினைவூட்டப்படுகிறது (35:1). சகோதரன் முன்னே, பலிபீடம் பின்னே. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்தபோது (மத். 5:23, 24), இவ்வொழுங்கையே சட்டமாக்கினார் எனலாம். திரும்பி வந்தவரின் காணிக்கையைக் கையில் வாங்கும் ஆயர், அவருக்காக வீட்டில் நிலத்தையும் கடனையும் முதிர்ந்த பெற்றோரையும் சுமந்த அண்ணனோ தங்கையோ எங்கே அமர்ந்திருக்கிறார் என்று ஆலயத்துக்குள் ஒருமுறை கண்களை ஓட்டிப் பார்ப்பாரானால், அப்பார்வையே நல்லதொரு அருளுரையாகும்.

அவ்வாறே, தோல்வியோடு திரும்பியவரிடமும் சபைக்கு ஒரு கடமை உண்டு. நொண்டி வருகிறவனைக் கண்டு, இவன் போனபோது நன்றாய் நடந்தானே என்று வியப்பது ஊராரின் வழக்கம். திருமறையோ, அந்நடையைக் காணும்போதுதான் சூரியன் அவன்மேல் உதித்தது என்கிறது (32:31). அயல்நாட்டில் உடல்நலத்தை இழந்தவர், முதலாளியிடம் ஏமாந்தவர், சிறையிலிருந்து வந்தவர், மணமுறிந்து வந்தவர் ஆகியோரின் சுளுக்கை மறைக்கச் சொல்லும் சபை அவர்களுக்கு ஒடிசியசின் வேடத்தையே அணிவிக்கிறது. பெயரைச் சொல்ல இடந்தரும் சபையே பெனியேல் என்னும் பெயருக்குத் தகுதியுடையது.

ஆகையால் அடுத்த முறை இப்பகுதியைப் பிரசங்கிக்க எடுக்கும் உடன் ஊழியர்கள், 32-ஆம் அதிகாரத்தோடு வாசிப்பை நிறுத்தாமல் 33-ஆம் அதிகாரத்தின் முதல் 11 வசனங்களையும் சேர்த்து வாசிக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன். இரவில் பெற்ற ஆசீர்வாதம் உண்மையானதா என்பதைச் சோதித்தறியும் இடம் அவ்வசனங்களிலேயே இருக்கிறது. அங்கே ஜெபவீரன் ஒருவனும் இல்லை. நொண்டிக்கொண்டு முன்னே நடந்துவரும் தம்பியும், அவனை நோக்கி ஓடிவரும் அண்ணனுமே இருக்கின்றனர்.